காரம் இரும்பைக் காக்குமா?

துருப்பிடித்தல் பாடத்தை நடத்தும் நாம் அனைவரும் மூன்று சோதனைக்குழாய்களை வைத்து அந்தச் சோதனையைச் செய்து காட்டியிருப்போம். முதல் குழாயில் சாதாரண நீரும் ஓர் ஆணியும். இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆறிய நீர், அதன்மேல் எண்ணெய். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. முதல் குழாயில் உள்ள ஆணி மட்டும் துருப்பிடிக்கும். துருப்பிடிக்க நீர், ஆக்சிஜன் இரண்டும் தேவை என்று முடிவு எழுதுவோம்.

சென்ற ஆண்டு நான் நான்காவதாக ஒரு குழாயைச் சேர்த்தேன். அதில் தெளிந்த சுண்ணாம்பு நீர். நீர் இருக்கிறது, அதில் காற்றும் கரைந்திருக்கிறது. ஆனாலும் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது அந்த ஆணி மட்டும் கடையில் வாங்கியபோது இருந்ததுபோலவே இருந்தது. மாணவர்களுக்கு வியப்பு. அந்த உற்சாகத்தில் நான் கரும்பலகையில் எழுதினேன்: "காரம் இரும்பைக் காக்கும்."

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவி வந்து நின்றாள். அவளுடைய அப்பா சர்க்கரை ஆலையில் பாய்லர் ஆப்பரேட்டர். "டீச்சர், நீங்க எழுதிப் போட்டதை அப்பாகிட்டச் சொன்னேன். காரம் கூடிப்போனா பாய்லர் டியூபையே தின்னுடும்னு சொல்றாங்க" என்றாள். அப்போது என்னிடம் பதில் இல்லை. "படிச்சுட்டுச் சொல்றேன்மா" என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பாவே பள்ளிக்கு வந்தார். செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்த ஒரு குழாய்த் துண்டை மேசையில் வைத்தார். பாய்லரிலிருந்து கழற்றி மாற்றிய டியூப். நீளவாக்கில் இரண்டாக அறுத்திருந்தார்கள். உள்பக்கம் முழுவதும் ஒரே சீரான கறுப்பு. ஓரிடத்தில் மட்டும் நெல்லிக்காய் உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம். அங்கே குழாயின் சுவரில் பாதிதான் மிஞ்சியிருந்தது.

"இந்தக் கறுப்புதான் டீச்சர் டியூபைக் காப்பாத்துது. இந்த ஓர் இடத்துல அது நிக்கல. ரெண்டு இடத்துலயும் ஓடினது ஒரே தண்ணிதான்" என்றார்.

ஒரே நீர், ஒரே காரம், ஒரே எஃகு. ஓரிடத்தில் பாதுகாப்பு, ஒரு சாண் தள்ளி அழிவு. இதற்கு விடை தேடிப் படித்ததைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சுண்ணாம்பு நீரில் நடப்பது என்ன?

முதலில் குளிர்ந்த நீர். இரும்பு நீரில் இருக்கும்போது அதன் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து ஃபெரஸ் அயனிகளாக நீருக்குள் இறங்குகின்றன. அந்த எலக்ட்ரான்களை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஏற்று, நீருடன் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்குகிறது. சாதாரண நீரில் ஃபெரஸ் அயனிகள் ஆணியை விட்டுச் சற்று விலகிய பிறகே ஹைட்ராக்சைடுடனும் ஆக்சிஜனுடனும் சேர்ந்து துருவாகின்றன. அதனால் துரு ஆணியோடு இறுக ஒட்டாமல் பொருபொருவென்று படிகிறது. அதன் இடுக்குகள் வழியே நீரும் காற்றும் தொடர்ந்து உள்ளே போகின்றன. இரும்பு தொடர்ந்து கரைகிறது.

தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். மதிப்பு சுமார் 12.4. அங்கே ஹைட்ராக்சைடு அயனிகள் ஏராளம். எனவே இரும்பு அயனிகள் விலகிப்போகும் முன்பே, ஆணியின் பரப்பிலேயே, சில நானோமீட்டர் தடிமனுள்ள இறுக்கமான ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் இரும்பையும் நீரையும் பிரித்து வைக்கிறது. அலுமினியப் பாத்திரத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு படலத்தை மாணவர்களுக்குச் சொல்லியிருப்போம். இதுவும் அதே போன்றதுதான்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பல பத்தாண்டுகள் துருப்பிடிக்காமல் இருப்பதும் இதனால்தான். கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள நீரின் பி.எச். 12.5-க்கு மேல். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே புகுந்து காரத்தன்மையைக் குறைத்து, பி.எச். ஏறக்குறைய 9-க்கு இறங்கும்போது படலம் நிலைகுலைகிறது. கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது; கூரையில் சிமெண்டு பெயர்ந்து விழுகிறது. பழைய கட்டடங்களில் இதைப் பார்த்திருப்போம்.

ஆக, கரும்பலகையில் நான் எழுதியதில் ஒரு படி விடுபட்டிருந்தது. காரம் படலத்தை நிலைக்க வைக்கிறது. படலம்தான் இரும்பைக் காக்கிறது. படலம் கரையும் சூழ்நிலை வந்தால், காரம் எவ்வளவு இருந்தாலும் இரும்புக்குப் பாதுகாப்பு இல்லை.

சூடான நீரில் உருவாகும் கறுப்பு

பாய்லருக்குள் அனுப்பும் நீரிலிருந்து ஆக்சிஜனை முன்கூட்டியே நீக்கிவிடுவார்கள். நீரைச் சூடாக்கி வாயுக்களை வெளியேற்றி, மிச்சத்தை சோடியம் சல்பைட்டு போன்ற வேதிப்பொருளால் அகற்றுவார்கள். நம்முடைய மூன்று குழாய் சோதனையின்படி அங்கே இரும்புக்கு எதுவும் ஆகக் கூடாது. ஆனால் ஆகிறது. வெப்பம் கூடும்போது இரும்பு நீரிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது.

இந்த வினை நமக்குப் புதிதல்ல. பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் நீராவியைச் செலுத்தினால் நடப்பதாகப் பாடத்தில் வருவதுதான்:

இரும்பு + நீர் → மேக்னடைட் + ஹைட்ரஜன்

மூன்று இரும்பு அணுக்களும் நான்கு நீர் மூலக்கூறுகளும் வினைபுரிந்து ஒரு மேக்னடைட் அலகும் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் கிடைக்கின்றன. பழுக்கக் காய்ச்ச வேண்டும் என்பதில்லை. 40 பார் அழுத்தத்தில் நீர் 250 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அந்த வெப்பநிலையில் இவ்வினை தானாகவே நடக்கும். முதலில் ஃபெரஸ் ஹைட்ராக்சைடு உருவாகி, பிறகு அது மேக்னடைட்டாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுவதும் உண்டு. இந்த மாற்றத்துக்கு ஷிகோர் வினை என்று பெயர்.

மேக்னடைட் கறுப்பு நிறம். காந்தத்தில் ஒட்டும். துருவைப்போல் உதிராமல் எஃகின்மேல் இறுகப் படிகிறது. படலம் தடிக்கத் தடிக்க வினையின் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. எனவே பாய்லர் குழாயின் உட்புறக் கறுப்பு, அரிமானத்தின் விளைபொருள். அரிமானத்தைத் தடுக்கும் கவசமும் அதுவே.

இந்தக் கவசம் நிலைக்க எவ்வளவு காரம் வேண்டும்? 1930 வாக்கில் பெர்ல், வான் டாக் என்ற இருவர் 310 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வெவ்வேறு பி.எச். கொண்ட நீரில் எஃகு எவ்வளவு அரிக்கப்படுகிறது என்று அளந்தார்கள். அந்த அளவீடுகளைக் கொண்டு பார்ட்ரிட்ஜ், ஹால் ஆகியோர் 1939-இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் பாய்லர் நூல்களில் இடம்பெறுகிறது. அது தொட்டில் வடிவ வளைவு. அமிலப் பக்கம் அரிமானம் அதிகம். பி.எச். கூடக்கூட வளைவு இறங்குகிறது. ஏறக்குறைய 9 முதல் 12 வரை தொட்டிலின் அடிப்பகுதி. 13-ஐத் தாண்டியதும் வளைவு மீண்டும் செங்குத்தாக ஏறுகிறது. இந்த பி.எச். மதிப்புகள் யாவும் நீரை 25 டிகிரிக்கு ஆறவைத்து அளந்தவை. பாய்லர் அறையிலும் மாதிரி நீரைக் குளிர்வித்துத்தான் சோதிக்கிறார்கள்.

பி.எச். 11-க்கும் 13-க்கும் இடையே வேறுபாடு இரண்டுதான் என்று மாணவர்கள் நினைப்பார்கள். மடக்கை அளவை நினைவுபடுத்த நல்ல இடம் இது. பி.எச். 11 வர, ஒரு லிட்டர் நீரில் 40 மில்லிகிராம் சோடியம் ஹைட்ராக்சைடு போதும். 13 வர 4 கிராம் வேண்டும். அதாவது நூறு மடங்கு.

40 மில்லிகிராம் எப்படிப் பல கிராம் ஆகிறது?

மாணவியின் அப்பா வேலை செய்யும் பாய்லரில் பி.எச். பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் இருக்கும். தொட்டிலின் அடிப்பகுதி. பிறகு ஏன் பள்ளம் விழுந்தது?

உப்பளத்தை நினைத்துக்கொள்வோம். கடல்நீர் பாத்தியில் நிற்கிறது, நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. பாய்லர் குழாயின் சுவரிலும் இதுவே நடக்கிறது. சுவர் சுத்தமாக இருந்தால் நீராவிக் குமிழி கிளம்பியதும் புதிய நீர் அங்கே பாய்ந்து, தங்கிய காரத்தைக் கழுவிச் சென்றுவிடும். சுவரில் உப்புப் படிவோ, வேறிடத்திலிருந்து அடித்துவந்த இரும்பு ஆக்சைடு துகள்களோ அடையாகப் படிந்திருந்தால் நிலைமை வேறு. அடையின் நுண்துளைகள் வழியே நீர் உள்ளே ஊறுகிறது, சூட்டில் கொதிக்கிறது, ஆவி வெளியேறுகிறது, காரம் உள்ளே தங்குகிறது. கழுவிவிட ஓட்டம் இல்லை. சோடியம் ஹைட்ராக்சைடு நீரில் மிக அதிகமாகக் கரையக்கூடியது என்பதால் எளிதில் படிகமாகிப் பிரிவதும் இல்லை. அடர்ந்த கரைசலாகவே அடைக்கு அடியில் நிற்கிறது. அதன் செறிவு சுற்றியுள்ள நீரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு உயரலாம்.

அந்தச் சூடான அடர்காரம் மேக்னடைட் படலத்தைக் கரைத்து சோடியம் ஃபெர்ரைட்டு போன்ற சேர்மங்களாக்குகிறது. கவசம் போன இடத்தில் வெறும் இரும்பு காரத்துடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடுகிறது. புதிதாக உருவாகும் படலமும் உடனே கரைகிறது. நெல்லிக்காய்ப் பள்ளம் இப்படித்தான் விழுந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. "அலுமினியமும் துத்தநாகமும் சோடியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து ஹைட்ரஜனைத் தரும்; இரும்பு வினைபுரியாது" என்று சொல்லிக்கொடுக்கிறோம். சோதனைக்குழாயில் அது சரி. ஆனால் "சாதாரண வெப்பநிலையில், நீர்த்த கரைசலில்" என்ற சொற்கள் அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை நாம் சொல்லாமல் விட்டால், மாணவர்கள் நிபந்தனையோடு கூடிய ஓர் உண்மையை எங்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்கிறார்கள். நானே அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய அப்பா ஒவ்வொரு ஷிப்டிலும் செய்யும் வேலைகளின் பொருள் இப்போது விளங்கும். கடினநீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது, அடை படியாமல் இருக்க. அடிப்பகுதி வால்வைத் திறந்து கொஞ்சம் நீரை வெளியேற்றும் 'புளோ டவுன்', உப்பும் கசடும் சேராமல் இருக்க. டிரைசோடியம் பாஸ்பேட் சேர்ப்பது, நீர் வற்றினாலும் தனிச் சோடியம் ஹைட்ராக்சைடு அதிகம் மிஞ்சாத வகையில் காரத்தன்மையைத் தர.

ரிவிட் ஓரங்களில் விரிசல்

பள்ளம் விழுவது கண்ணுக்குத் தெரியும். காரம் இன்னொரு வழியிலும் எஃகை அழிக்கிறது. அது வெளியே தெரிவதில்லை. பற்றவைப்பு முறை பரவுவதற்கு முன் பாய்லர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ரிவிட் அடித்து இணைத்தார்கள். அந்த ரிவிட் துளைகளின் ஓரத்தில் காரணம் தெரியாத விரிசல்கள் தோன்றின. தகடு மெலியவில்லை, துருவும் இல்லை. ஆனால் கண்ணாடிபோல உடைந்தது. சில பாய்லர்கள் வெடித்தன.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பார் என்ற வேதியியல் பேராசிரியர் இதை ஆராய்ந்து, மென்மையான எஃகைச் சோடியம் ஹைட்ராக்சைடு நொறுங்கும் தன்மையுடையதாக்குகிறது என்று 1917-இல் எழுதினார். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ராப் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். சோடியம் கார்பனேட் கலந்த நீர் பாய்லருக்குள் போனால், அந்த வெப்பத்தில் அது சிதைந்து கார்பன் டைஆக்சைடு ஆவியுடன் போய்விடும். சோடியம் ஹைட்ராக்சைடு தங்கும். தகடுகளின் இணைப்பில் மிகச் சிறிய கசிவு இருந்தால் அந்த இடுக்கில் நீர் ஆவியாகிக் காரம் செறிவடையும். ரிவிட் அடித்த இடத்தில் உலோகம் ஏற்கெனவே இழுவிசையில் இருக்கிறது. செறிந்த காரம், வெப்பம், இழுவிசை மூன்றும் சேரும்போது எஃகின் படிகத் துகள்களின் எல்லைகள் வழியே விரிசல் ஓடுகிறது. மூன்றில் ஒன்றை நீக்கினாலும் விரிசல் இல்லை. பற்றவைத்த டிரம்கள் வந்ததும், கசியும் இடுக்குகள் மறைந்து இந்த வகை வெடிப்புகள் பெரிதும் குறைந்தன.

ஓடும் நீர் கழற்றும் கவசம்

காரம் மிகுந்தால் ஆபத்து என்று மட்டும் புரிந்துகொண்டாலும் பாதிதான் சரி. ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தின் மூன்றாம் அலகில் 2004 ஆகஸ்ட் 9 அன்று ஒரு கார்பன் எஃகுக் குழாய் வெடித்து, சூடான நீரும் நீராவியும் பீறிட்டதில் 5 பேர் இறந்தார்கள். குழாயில் இருந்தது கதிரியக்கம் இல்லாத, ஆக்சிஜன் நீக்கிய, இலேசான காரத்தன்மை கொண்ட, சுமார் 140 டிகிரி செல்சியஸ் நீர்.

அங்கே காரம் செறிவடையவில்லை. மேக்னடைட் அந்த நீரிலும் மிக மிகச் சிறிதளவு கரையும். நின்ற நீரில் கரைசல் நிறைவடைந்ததும் கரைதல் நின்றுவிடும். வேகமாகச் சுழித்து ஓடும் நீரோ கரைந்ததை உடனுக்குடன் அள்ளிச் சென்றுவிடுகிறது. படலம் மெலிகிறது, அதை ஈடுகட்ட அடியில் இருக்கும் இரும்பு மேலும் மேலும் மேக்னடைட்டாகிறது. உடைந்த இடம், ஓட்டத்தை அளக்கும் தட்டு ஒன்றைத் தாண்டிய, நீர் சுழிக்கும் பகுதி. 10 மில்லிமீட்டராக இருந்த குழாய்ச் சுவர் அங்கே தாள்போல மெலிந்திருந்தது. 1976-இல் நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து அந்த இடம் ஒருமுறைகூட ஆய்வு செய்யப்படவில்லை. ஆய்வுப் பட்டியலில் அது விடுபட்டிருந்தது.

இதை வகுப்பில் சொன்னபோது அந்த மாணவி எழுந்து, "அப்பா நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல இப்படி வளைவுக் குழாய் இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். "அப்பாவையே கேளும்மா" என்றேன். அவர் சொல்லி அனுப்பிய பதில்: ஆலை நிற்கும் பருவத்தில் வளைவுகளின் தடிமனை மீயொலிக் கருவியால் அளந்து பதிவேட்டில் எழுதுவார்கள், மெலிந்தவற்றை மாற்றுவார்கள். அவர் கொண்டுவந்த துண்டும் அப்படி மாற்றியதுதான்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

சூடான எரிசோடாவைக் கொண்டு எந்தச் சோதனையும் பள்ளியில் வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். சுண்ணாம்பு நீரையும் கவனமாகவே கையாள வேண்டும். கீழே உள்ளவை போதும்.

1. நான்காவது குழாய்: மூன்று குழாய் சோதனையுடன் தெளிந்த சுண்ணாம்பு நீர்க் குழாய் ஒன்றையும் சேருங்கள். துத்தநாகம் பூசாத ஆணியாக இருக்க வேண்டும்.

2. மூடியதும் திறந்ததும்: சுண்ணாம்பு நீரில் ஆணி இட்ட இரண்டு குழாய்களில் ஒன்றை மூடிவையுங்கள், மற்றதைத் திறந்துவையுங்கள். திறந்த குழாயில் வெண்ணிற ஆடை படியும். சில வாரங்கள் விட்டு, இரண்டிலிருந்தும் சில துளிகள் எடுத்து ஃபினாப்தலீன் சேர்த்துப் பார்க்கலாம். காரத்தன்மை குறையும்போது ஆணிக்கு என்ன ஆகிறது என்று மாணவர்களே குறித்துவரட்டும். கான்கிரீட் கம்பியின் கதை இது.

3. இருவகை ஆக்சைடு: கொல்லுப்பட்டறையில் காய்ச்சிய இரும்பை அடிக்கும்போது தெறிக்கும் கறுப்புச் செதில்களைச் சேகரித்து வாருங்கள். அவை காந்தத்தில் ஒட்டும். சிவந்த துருப்பொடி அவ்வளவாக ஒட்டாது. இரண்டும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தவையே. ஆனால் வேறுவேறு சேர்மங்கள்.

4. தொடக்க வகுப்புகளுக்கு: உப்புநீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர் போனது, உப்பு எங்கே போனது என்று கேளுங்கள். பாய்லர் குழாயில் பள்ளம் விழுந்ததைப் புரிந்துகொள்ளத் தேவையான அடிப்படை, மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் எட்டும் இந்தக் கேள்விதான்.

கரும்பலகையில் நான் எழுதியிருந்த வாக்கியத்தை அந்த மாணவியையே அழைத்துத் திருத்தச் சொன்னேன். அவள் எழுதியது: "சாதாரண வெப்பநிலையில், சுண்ணாம்பு நீரில், இரும்பின்மேல் உருவாகும் படலம் இரும்பைக் காக்கிறது." நீளமான வாக்கியம்தான். தேர்வுக்கு மனப்பாடம் செய்யச் சற்றுக் கடினம். ஆனால் அதை அவளுடைய அப்பா மறுக்க மாட்டார். அந்தக் குழாய்த் துண்டு இப்போது எங்கள் அறிவியல் ஆய்வகத்தில், சோதனைக்குழாய்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது. துருப்பிடித்தல் பாடம் வரும்போதெல்லாம் அதை மாணவர்கள் கையில் கொடுத்து, விரலால் பள்ளத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.